மோட்டார் ஓடும்போது கிணற்றை அளக்காதீர்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் ஆறு என்ன ஆகிறது என்று ஆய்வு செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கிணற்றடியிலேயே சறுக்கிவிடுகிறார்கள். மும்முனை மின்சாரம் வந்திருக்கும் நேரத்தில் போய் அளவு நாடாவைக் கிணற்றில் இறக்குவார்கள். மோட்டார் ஓடினால் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல் மாதிரி குழிந்துவிடும். நாடா காட்டுவது அந்தக் குழியின் அடியை. ஊரின் நீர்மட்டத்தை அல்ல. மோட்டாரை நிறுத்திவிட்டு அரை மணிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். மட்டம் ஏறாமல் நின்றபிறகு எழுதுங்கள். நம் ஊர்ப் பாறையில் தண்ணீர் வெடிப்புகள் வழியாகத்தான் ஊறி வர வேண்டும்; சில கிணறுகளுக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பிடிக்கும். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் நின்றிருக்க வேண்டும், அதைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.

நாற்பதடிக் கிணற்றையும் ஆயிரமடி போரையும் (ஆழ்துளைக் கிணறு) ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். ஓடைக்குக் கசிவது பெரும்பாலும் மேலே சிதைந்த பாறையில் தங்கிய தண்ணீர். ஆற்றோடு ஒப்பிடும்போது தரையிலிருந்து எத்தனை அடி என்பது போதாது. இரண்டையும் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டால்தான் கிணறு ஆற்றுக்குக் கொடுக்கிறதா, ஆற்றிடமிருந்து வாங்குகிறதா என்று தெரியும்.

அப்புறம், கோடையில் ஆறு ஓடினால் நிலத்தடியிலிருந்து ஆற்றுக்குக் கசியும் ஊற்று உயிரோடு இருக்கிறது என்று நம்பிவிடுவது. இதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வரும் தென்பெண்ணையில் பெங்களூரின் கழிவுநீர் கலந்திருக்கிறது. நுரை பொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெங்களூருக்குக் குடிநீர் காவிரியிலிருந்து போகிறது. ஆக, நீங்கள் அளக்கும் ஓட்டத்தில் ஒரு பங்கு வேறொரு ஆற்றின் தண்ணீர். கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே போனால் மதகு திறப்பதைப் பொறுத்து ஓட்டம் மாறும். அணையும் சாக்கடையும் சேராத சிற்றோடையை, மழை நின்று பல நாள் கழித்து அளந்தால்தான் ஊற்றின் பங்கு பிடிபடும்.

தண்ணீரின் தரத்துக்கு டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்ப முடியாது. அது மொத்த உப்பைச் சொல்லும், ஃபுளோரைடைச் சொல்லாது. இங்கே பாறையிலிருந்தே ஃபுளோரைடு கரைந்து வருகிறது. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை. குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் வெளியேறியபிறகு, கண்ணாடியில் அல்ல, பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள். பாட்டில் மேல் தேதியோடு போரின் ஆழத்தையும் எழுதிவிடுங்கள்.