திருநர் பிள்ளையை ஹார்மோன் மருத்துவரிடம் அழைத்துப் போகும் முன்

முதலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். சில இடங்களில் 18 வயதுக்குள் ஹார்மோன் சிகிச்சைக்குத் தடை உண்டு. மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதுவரை மனநல ஆலோசனையைத் தொடங்கிவிடலாம்.

பருவ மாற்றம் எப்போது தொடங்கியது, என்ன மருந்து சாப்பிடுகிறது, குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மனதில் உள்ளதைப் பிள்ளையே சொல்லட்டும். மருத்துவர் தனியாகப் பேசக் கேட்டால் வெளியே போய் உட்காருங்கள்.

பருவத்தை நிறுத்திவைக்கும் ஊசியை மார்பு மொட்டுவிட்ட பிறகோ, விந்தகம் 4 மில்லிலிட்டர் அளவை எட்டிய பிறகோதான் போடுவார்கள். அதற்கு முன் தேவையில்லை. மாதம் ஒன்று அல்லது 3 மாதத்துக்கு ஒன்று. தேதி தவறினால் பருவ மாற்றம் மறுபடி தலைதூக்கும். எலும்பு அடர்த்தி குறையக்கூடும் என்பதால் ஊசிக்கு முன்பும், பிறகு 1–2 ஆண்டுக்கு ஒருமுறையும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும்.

பின்னாளில் குழந்தை பெறுவது பற்றிய பேச்சை மருந்துக்கு முன்பே முடியுங்கள். பலர் கூச்சப்பட்டுத் தவறவிடுவது இதைத்தான்.

பெண் ஹார்மோனுக்காகக் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கித் தானே விழுங்குவது ஆபத்து. அதிலுள்ள எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் ரத்தத்தை உறையவைக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.