பூனைக்குப் பத்து வயது தாண்டிவிட்டதா? வீட்டிலிருந்தே கவனிப்பது எப்படி

"வயசாயிடுச்சு, அதான் இளைக்குது" என்று வீட்டில் யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். வயதான பூனை இளைத்தால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் சிறுநீரகமோ, தைராய்டோ, சர்க்கரையோ, பல், ஈறு நோயோ இருக்கும். சீக்கிரம் தெரிந்தால் இவை ஒவ்வொன்றுக்கும் செய்வதற்கு ஏதாவது உண்டு. ஆனால் பூனை தன் வலியைக் காட்டிக்கொள்ளாது. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டு கிடக்கும். நாமும் தூங்குகிறது என்று விட்டுவிடுவோம். அதனால் கண்ணால் பார்ப்பதை நம்பாமல் அளந்து எழுதி வைக்கப் பழகவேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு தராசும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

முதலில் வயதுக் கணக்கு. பூனையின் ஒரு வருஷம் நமக்கு ஏழு வருஷம் என்பது சும்மா சொல்வது. முதல் இரண்டு வருஷத்திலேயே பூனை 24 வயது ஆளுக்குச் சமமாகிவிடும், அப்புறம் வருஷத்துக்கு நான்கு கூட்டிக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் பத்து வயதுப் பூனைக்கு 56, பதினைந்துக்கு 76. மருத்துவர்கள் பத்து வயதைத் தாண்டிய பூனையை முதியதாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

படி 1: வாரம் ஒருமுறை எடை

இந்த ஒன்றை மட்டுமாவது விடாமல் செய்யுங்கள். நாம் ஏறி நிற்கும் எடை மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு தனியாக நின்று கழித்துப் பார்க்கலாம். ஆனால் அதில் நூறு, இருநூறு கிராம் வித்தியாசம் சரியாகத் தெரியாது. சமையலறையில் வைத்திருக்கும் பத்து கிலோ டிஜிட்டல் தராசு இதற்கு நல்லது. அதன்மேல் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டுக் காத்திருங்கள். பெட்டியைப் பார்த்த பூனை தானே ஏறி உட்காரும், தூக்கி வைக்கும் வேலைகூடப் பெரும்பாலும் இருக்காது.

நான்கு கிலோ பூனை இருநூறு கிராம் குறைந்தால் அது ஐந்து சதவீதம். அறுபது கிலோ மனிதர் மூன்று கிலோ குறைந்ததற்குச் சமம். இரண்டு மூன்று வாரமாக எண் கீழேயே போய்க்கொண்டிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நானூறு கிராம் வரை போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எடை போடும் அன்றே உள்ளங்கையால் முதுகெலும்பை ஒருமுறை தடவிப் பாருங்கள். ரோமம் அடர்த்தியாக இருக்கும் பூனையில் இளைப்பு கண்ணுக்குத் தெரியாது, முதலில் கைக்குத்தான் தட்டுப்படும்.

படி 2: குடிக்கும் தண்ணீர்

காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழிக்கவேண்டும். கோடை காலத்தில் நம் ஊர் வெயிலுக்குக் கணிசமான தண்ணீர் ஆவியாகவே போய்விடும். அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தில் அதே அளவு தண்ணீரைப் பூனைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அதில் குறைவதையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

உலர் உணவு மட்டும் தின்னும் பூனை, கிலோவுக்கு 50 மில்லிக்கு மேல் தினமும் குடித்தால் சந்தேகப்படலாம். அதாவது நான்கு கிலோ பூனைக்கு 200 மில்லி. பவுச்சில் வரும் ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், அதைத் தின்னும் பூனை கிண்ணத்தில் கொஞ்சம்தான் குடிக்கும். இரண்டு மூன்று பூனைகள் இருக்கும் வீட்டில் இந்த அளவு எடுபடாது. அங்கே பழக்கத்தைப் பாருங்கள். இத்தனை நாள் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத பூனை பாத்ரூம் வாளியில் தலையை விட்டு நக்க ஆரம்பித்தால் அதுவும் நோட்டில் ஏறவேண்டிய விஷயம்.

தாகத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? சிறுநீரகம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பழுதான பிறகுதான் சிறுநீரை அடர்த்தியாக்கும் சக்தி போகும். தண்ணீராகப் போவதை ஈடுகட்டப் பூனை அதிகம் குடிக்கும். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய ஒரு கழிவு) ஏறுவது அதற்கும் பிந்தி. அதோடு, கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. இளைத்துப்போன பூனைக்குத் தசையே குறைவு என்பதால் ரிப்போர்ட் நார்மல் போலக் காட்டி ஏமாற்றும். எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை. வசதி இருக்கிற இடத்தில் அதையும் கேட்டுப் பாருங்கள்.

படி 3: மண் தட்டு

பூனை சிறுநீரும் மலமும் கழிக்கும் தட்டைச் சுத்தம் செய்யும்போது, சிறுநீர் பட்டு மண் இறுகிய ஈரக் கட்டிகள் எத்தனை, எவ்வளவு பெரிது என்று பார்த்தால் போதும். கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போனால் படி 2-ல் சொன்ன சந்தேகம் உறுதியாகிறது. மலம் ஆட்டுப் புழுக்கை மாதிரி உலர்ந்து வந்தால் உடம்பில் நீர் போதவில்லை.

தட்டுக்கு வெளியே போக ஆரம்பித்தால் திட்டாதீர்கள். பூனை பழிவாங்குவதில்லை. விளிம்பைத் தாண்டக் கால் வலிக்கலாம், சிறுநீர்ப்பையில் எரிச்சல் இருக்கலாம். ஆண் பூனை திரும்பத் திரும்பப் போய் முக்கி உட்கார்ந்து ஒரு சொட்டும் வரவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடைப்பு உயிரைப் பறிக்கும்.

படி 4: நடையை வீடியோ எடுங்கள்

மூட்டு வலி உள்ள பூனை பெரும்பாலும் நொண்டாது. இரண்டு பக்கமும் சமமாக வலிப்பதால் எந்தக் காலைத் தூக்கி நடக்கும்? 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், பன்னிரண்டு வயதைத் தாண்டிய நூறு பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்தபோது தொண்ணூறில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. ஆனாலும் வீட்டுக்காரர்களில் பலர் "நல்லாத்தான் நடக்குது" என்றே சொல்வார்கள்.

பார்க்கவேண்டியது ஏறுவதையும் இறங்குவதையும். எங்கள் வீட்டுச் சிண்டு முன்பெல்லாம் தரையிலிருந்து ஒரே தாவில் பீரோ உச்சிக்குப் போய்விடுவான். இப்போது நாற்காலி, அப்புறம் மேஜை. மேஜையில் நின்று பின்னங்கால்களை இரண்டு முறை அழுத்தி, கழுத்தை நீட்டிப் பீரோவை அளவெடுப்பான். பாதி நாள் அங்கேயே உட்கார்ந்து, ஏதோ அதற்காகவே வந்தவன் போலக் காலை நக்குவான். இந்தத் தயக்கத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் மேஜையில் பயந்து உறைந்து நிற்கும் பூனையைப் பார்த்து எந்த மருத்துவராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

முதுகின் பின்பகுதியில் ரோமம் சிக்குப்பிடித்திருந்தால், திரும்பி நக்க முடியவில்லை என்று பொருள். நகத்தையும் பாருங்கள். வயதான பூனை முன்போல நகம் தேய்க்காது. மேலுறை உதிராமல் நகம் தடித்து, வளைந்து, பாதத்தின் மெத்தைக்குள்ளேயே குத்தும். முக்கியமாகக் கட்டைவிரல் நகம், அது தரையில் படுவதே இல்லை. மாதம் இருமுறை நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள், உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடாமல்.

படி 5: வாய்

வாயைத் திறக்கவேண்டாம், உதட்டை மட்டும் லேசாகத் தூக்குங்கள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சிவப்புக் கோடு, துர்நாற்றம், ஒரு பக்கமாகவே மெல்வது, கிண்ணத்தில் வாய்வைத்துவிட்டுப் பின்வாங்குவது: எது இருந்தாலும் நோட்டில் எழுதுங்கள்.

படி 6: ராத்திரிக் கத்தல்

நடுராத்திரி கூடத்தில் நின்றுகொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தும். மூளை மழுங்கிவிட்டது என்று உடனே முடிவுகட்டுகிறார்கள். பூனைக்கு மறதி நோய் வருவது உண்மைதான். பதினைந்தைத் தாண்டினால் நிறையவே வரும். ஆனால் அதைக் கடைசியில்தான் சொல்லவேண்டும், மற்றதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு.

முதல் சந்தேகம் தைராய்டு. சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் பூனை படபடப்பாக இருக்கும், கத்தும், கிண்ணத்தை வழித்து நக்கித் தின்னும், இளைத்துக்கொண்டே போகும். "நல்லா சாப்பிடுதே" என்று நாம் சந்தோஷப்படுவோம், அங்கேதான் கோட்டைவிடுகிறோம். டி4 என்ற ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும், மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். இரண்டாவது ரத்த அழுத்தம். வெளிச்சத்திலும் கண்பாவை விரிந்தே இருந்து, பூனை சுவரோரமாக முட்டி முட்டி நடந்தால் விழித்திரை பழுதாகிக்கொண்டிருக்கலாம், அன்றே காட்டவேண்டும். மூன்றாவது காது. தன் குரல் தனக்கே கேட்காத பூனை சத்தமாகத்தான் கத்தும்.

படி 7: மருத்துவரிடம்

பத்து வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் கேளுங்கள். சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்கும் சோதனைக்குச் செலவு குறைவு, சிறுநீரகம் பற்றி நிறையச் சொல்லும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிறு ஊர்களில் மருத்துவர் நாளெல்லாம் மாடும் ஆடும் பார்ப்பவராக இருப்பார். அங்கே உங்கள் நோட்டும் வீடியோவும் இன்னும் அதிகமாக உதவும்.

பூனையைக் கொண்டுபோகும் கூடையைக் கிளம்பும் நாளன்று பரணிலிருந்து இறக்கினால் பூனை பீரோவுக்குப் பின்னால் போய்விடும். ஒரு வாரம் முன்பே பழைய துண்டு போட்டுக் கூடத்தில் திறந்து வையுங்கள். ஆட்டோவில் போகும்போது மேலே துணி போட்டு மூடுங்கள்.

படி 8: வீட்டில் மாற்றவேண்டியவை

மண் தட்டின் ஒரு பக்க விளிம்பைத் தாழ்வாக வெட்டிவிடுங்கள். வழக்கமாக ஏறும் இடத்துக்குக் கீழே ஒரு முக்காலி. டைல்ஸ் தரை வழுக்கும், நடக்கும் வழியில் பாய் போடலாம். ராத்திரி சின்ன விளக்கு ஒன்று எரியட்டும்.

சாப்பாட்டில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். பால் சோறும் தயிர் சோறும் பூனைக்குப் போதாது. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் பூனையின் இதயத் தசை பலவீனமாகும் என்று 1987-லேயே நிரூபித்துவிட்டார்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். மூக்கு மந்தமான கிழப் பூனைக்கு உணவை லேசாகச் சூடாக்கினால் வாசனை ஏறும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் மருத்துவருக்குப் போன் போடுங்கள். குண்டான பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி நிலைமை மோசமாகும்.

படி 9: மருந்து

பாராசிட்டமால் கூடவே கூடாது. குரோசின், டோலோ எந்தப் பெயரில் வந்தாலும். அதைச் செரிக்கும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. அரை மாத்திரை போதும், உயிர் போகும். பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்தும் அப்படியே.

மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கொடுக்க, பூனையைத் துண்டில் சுற்றி மடியில் உங்களுக்கு முதுகு காட்டி உட்காரவையுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ்த்தாடையை ஒரு விரலால் இறக்கி, நாக்கின் மேல், தொண்டைப் பக்கமாக மாத்திரையை விட்டு வாயை மூடி, தொண்டையைத் தடவிக்கொடுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது. அதோடு விட்டுவிடாமல் ஊசி இல்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வறட்சியாகப் போகும் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நின்று புண்ணாக்கும்.