வேட்டை வில்லுக்கு ஸ்டெபிலைசர்: முதலில் நீளம், பிறகு எடை

பயிற்சித் திடலில் புதிதாகக் காம்பவுண்ட் வில்லோடு (இரு நுனிகளிலும் சக்கரங்கள் உள்ள நவீன வில்) வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "எந்த ஸ்டெபிலைசர் வாங்கலாம்?" என்றுதான். ஸ்டெபிலைசர் என்பது வில்லை நிலைநிறுத்த அதில் மாட்டும், நுனியில் எடையுள்ள கம்பி. பதில் சொல்லுமுன் வில்லைக் கையில் வாங்கிப் பார்ப்பேன். குறிபார்க்கும் சைட் மாட்டியாயிற்றா? அம்புகளை வைக்கும் குவிவர் வில்லிலேயே இருக்குமா, கழற்றி வைப்பாரா? பரணில் உட்கார்ந்து எய்வாரா, காட்டில் நடந்துபோய் எய்வாரா? இவை தெரியாமல் ஒரு கம்பியின் பெயரை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வராது. ஒரே ஸ்டெபிலைசர் ஒருவர் வில்லில் அருமையாக நிற்கும், அடுத்தவர் வில்லில் சைட் புள்ளியைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். வேட்டைக்கான எல்லாச் சாமான்களையும் மாட்டிய உங்கள் வில் என்ன கேட்கிறது என்று பார்த்துத்தான் இதை வாங்க வேண்டும்.

நாணை இழுத்து நிற்கும்போது மூச்சு, நாடித்துடிப்பு, தோள் தசையின் நடுக்கம் எல்லாம் வில்லுக்குப் போய்ச் சேரும். நாணைப் பிடித்து விடுவிக்கும் கருவியான ரிலீஸைத் தட்டிய பிறகு அம்பு நாணை விட்டுப் பிரிய நூறில் ஒரு பங்கு நொடி அளவுக்கு நேரம் ஆகிறது. அதற்குள் பிடி சற்றுத் திருகினாலும் அம்பு வேறு திசையில் கிளம்பிவிடும். வில்லைவிட்டுத் தள்ளி, ஒரு கம்பியின் நுனியில் எடை இருந்தால் வில் அவ்வளவு சுலபத்தில் திரும்பாது. கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நீளமான கழியைப் பிடித்துக்கொண்டு நடப்பது இந்தக் கணக்கை நம்பித்தான்.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் விளம்பரங்கள் உங்களை ஏமாற்ற முடியாது. நுனி எடை வில்லை முன்பக்கம் கவிழ்க்கும் விசைக்கு, எடையை நீளத்தால் பெருக்க வேண்டும். வில் திரும்புவதை எதிர்க்கும் வலிமைக்கு, நீளத்தால் இரண்டு முறை பெருக்க வேண்டும். 6 அங்குலக் கம்பியின் நுனியில் 8 அவுன்ஸ் வைத்தால் கவிழ்ப்பு 48, எதிர்ப்பு 288. 12 அங்குலக் கம்பியில் 4 அவுன்ஸ் வைத்தால் கவிழ்ப்பு அதே 48, எதிர்ப்போ 576. பாதி எடையைச் சுமந்து இரண்டு மடங்கு நிலைத்தன்மை பெறுகிறீர்கள். கம்பியின் சொந்த எடையை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தாலும் போக்கு மாறாது. அதனால்தான் கட்டைக் கம்பியில் எடைமேல் எடையாக அடுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நாள் முழுக்க அதைத் தோளில் சுமக்கப்போவது அவர்கள்தானே.

எவ்வளவு நீளம்?

போட்டி வில்களில் முன்கம்பி 30 அங்குலம்வரை போகும். வேட்டையில் அது நடக்காது. கொடியிலும் முள்ளிலும் மாட்டும், பரணில் திரும்பவே விடாது. வேட்டைக்கு 6 முதல் 12 அங்குலம். அதற்குள் எது என்பதை நீங்கள் எய்யும் இடம் முடிவு செய்யட்டும்.

கூடாரம் போன்ற பிளைண்டுக்குள் உட்கார்பவர் என்றால் 6 அல்லது 8 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜன்னல் துணியில் கம்பி உரசினால் அந்தச் சத்தம் ஒன்று போதும், மான் போய்விடும். பரணுக்கு 8 முதல் 10 சரியாக வரும். வாங்குமுன் நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை மடியிலிருந்து தூக்கி, இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பிப் பாருங்கள். கம்பி எங்கே இடிக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். திறந்தவெளியிலும் மலைச்சரிவிலும் நடந்து வேட்டையாடுபவர், தூரத்து இலக்கை எய்ய நேர்பவர், தாராளமாக 12 போகலாம். அமெரிக்காவில் 3டி போட்டிகளின் (விலங்கு உருவப் பொம்மைகளை எய்யும் போட்டிகள்) வேட்டை வில் பிரிவுகளில் முன்கம்பிக்கு 12 அங்குல உச்சவரம்பு வைப்பது வழக்கம். அந்த மாதிரிப் போட்டிகளுக்கும் போகிறவர்கள் 12ஐத் தாண்டாமல் வாங்கினால் ஒரே கம்பி இரண்டுக்கும் ஆகும்.

வில்லின் நீளத்தையும் பார்க்க வேண்டும். ஆக்சிலுக்கு ஆக்சில் (மேல் சக்கரத்தின் அச்சிலிருந்து கீழ்ச் சக்கரத்தின் அச்சுவரை) 28, 30 அங்குலமுள்ள குட்டை வில்கள் கையின் சிறு திருகலையும் அம்புக்குக் கடத்திவிடும். அவற்றுக்கு ஸ்டெபிலைசர் கட்டாயம் என்பேன். 33, 34 அங்குல வில் தானாகவே ஓரளவு அடங்கி நிற்கும்.

குவிவரும் பேக் பாரும்

நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வலது கைக்காரரின் வில்லில் சைட் வலப்பக்கம் மாட்டப்படுகிறது, குவிவரும் வலப்பக்கம். வில் இயல்பாகவே வலப்பக்கம் சாயும். சாய்ந்தபடி எய்தால் அம்பு வலப்பக்கம் போகும், தூரம் கூடக் கூட விலகலும் கூடும். சைட்டின் அடியில் இருக்கும் சின்ன ரசமட்டக் குமிழியைப் பார்த்து மணிக்கட்டால் திருத்திக்கொள்ளலாம்தான். ஆனால் மான் எதிரே நிற்கும்போது குமிழியைப் பார்க்க யாருக்கு நினைவிருக்கிறது? அப்படித் திருத்துவதற்காகத் திருகிய கை, அம்பு கிளம்பும் நொடியில் பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும்.

ஒரு சோதனை செய்யுங்கள். இலக்குப் பலகைக்கு முன் நின்று, அம்பைப் பூட்டி, விரலை ரிலீஸின் விசைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். அம்பு பூட்டாமல் வில்லை இழுக்கவே கூடாது. தவறி நாண் விடுபட்டால் கேமும் (நுனிச் சக்கரம்) லிம்பும் (வில்லின் வளையும் கை) உடையும், உங்களுக்கும் அடிபடும். பலகையை நோக்கி இழுத்துக் கன்னத்தில் ஊன்றி, கண்ணை மூடி, கையைத் தளர்த்தி ஒரு மூச்சு விடுங்கள். கண்ணைத் திறந்ததும் குமிழியைப் பாருங்கள். நடுவில் இருந்தால் நல்லது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கினால் வில் அந்தப் பாடத்தைச் சொல்லிவிட்டது: வில் சாய்வது எதிர்ப்பக்கம், ஆகவே குமிழி ஒதுங்கும் பக்கமே எடை வேண்டும்.

அதற்குத்தான் பேக் பார், அதாவது பின்கம்பி. ரைசரின் (பிடி இருக்கும் நடுச் சட்டம்) கீழ்ப்பகுதியில், உங்களை நோக்கிப் பின்னால் வருமாறு, வலது கைக்காரருக்கு இடப்பக்கம் மாட்டுவார்கள். பக்கச் சாய்வை அது சரிசெய்யும். முன்கம்பியின் கவிழ்ப்பையும் ஈடுகட்டும். கீழே மாட்டுவதால் வில்லின் எடைமையமும் தாழ்ந்து குமிழி சீக்கிரம் அடங்கும். என் வில்லில் முன்னால் 10 அங்குலக் கம்பியில் 4 அவுன்ஸ், பின்னால் 8 அங்குலக் கம்பியில் 6 அவுன்ஸ். இதை அப்படியே நகல் எடுக்காதீர்கள், தொடங்குவதற்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னைவிடப் பின்னால் எடை கூடுதலாக இருப்பது சாதாரணமானதுதான்.

குவிவரைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 437.5 கிரெய்ன் ஒரு அவுன்ஸ். வேட்டை அம்பு, முனையோடு சேர்த்து, ஏறக்குறைய அந்த எடையில்தான் இருக்கும். அப்படியென்றால் ஐந்து அம்பு நிறைந்த குவிவர், தன் எடை போக, வலப்பக்கம் 5 அவுன்ஸைத் தொங்கவிடுகிறது. பயிற்சியில் காலிக் குவிவரோடு பேக் பாரைச் சரிசெய்துவிட்டு, வேட்டை நாளில் அம்பை நிரப்பிக்கொண்டு போனால் அந்தச் சரிப்படுத்தலுக்கு அர்த்தமே இல்லை. எய்யும் நேரத்தில் வில் எப்படி இருக்குமோ அப்படி வைத்துச் சரிசெய்யுங்கள். பரணில் ஏறியதும் குவிவரைக் கழற்றிக் கொக்கியில் மாட்டுபவர் குவிவர் இல்லாமலே சரிசெய்யலாம். அவருக்குப் பல நேரம் பேக் பாரே தேவைப்படாது. ரைசரின் ஓரத்தில் ஓர் அவுன்ஸ் போதும்.

உட்கார்ந்தும் முழங்காலிட்டும் எய்பவர்கள் பேக் பார் தொடையிலோ பாதுகாப்பு வாரிலோ இடிக்கிறதா என்று வேட்டை உடையிலேயே சோதிக்க வேண்டும். கோணம் மாற்றக்கூடிய பிராக்கெட்டாக வாங்கினால் நிம்மதி.

எடையை எப்படி முடிவு செய்வது?

வெறும் காம்பவுண்ட் வில் 4 பவுண்டுக்கு முன்பின் இருக்கும். சைட், அம்பைத் தாங்கும் ரெஸ்ட், குவிவர், அம்புகள் எல்லாம் சேர்ந்தால் 6 பவுண்டை எட்டும். அதற்குமேல் நீங்கள் ஏற்றும் ஒவ்வோர் அவுன்ஸும், 28 கிராம்தான் என்றாலும், நீட்டிய கையில் வந்து விழுகிறது. ஆகவே குறைவில் தொடங்குங்கள். முன்னால் 2 அல்லது 3 அவுன்ஸ் போட்டு, 20 கெஜத்தில் ஒரு சிறு வட்டத்தின்மேல் சைட் புள்ளியை நிறுத்தி, அது எப்படி ஆடுகிறது என்று மட்டும் பாருங்கள். அப்போதும் அம்பு பூட்டியே இருக்கட்டும்.

புள்ளி படபடவென்று வேகமாகத் துடித்தால் வில்லுக்கு எடை போதவில்லை. மெதுவாக மிதந்து வட்டத்துக்குள்ளேயே சுற்றினால் அதுதான் நமக்கு வேண்டியது. முற்றிலும் அசையாமல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். திரும்பத் திரும்பக் கீழே அமுங்கினால் முன்னால் எடை அதிகம், ஓர் அவுன்ஸைக் கழற்றுங்கள் அல்லது பின்னால் சேருங்கள். மேலே மேலே ஏறினால் முன்னால் ஓர் அவுன்ஸ் சேருங்கள். ஒரு நேரத்தில் ஓர் அவுன்ஸ், ஓர் இடம். இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

அடுத்து நான் மிக முக்கியமாக நினைக்கும் சோதனை. காட்டில் மான் இரண்டு எட்டு வைத்து மரத்துக்குப் பின்னால் நின்றுவிடும். நீங்கள் இழுத்த நாணோடு காத்திருப்பீர்கள். ஆகவே திடலிலும், அன்றைய பயிற்சி முடிந்து கை களைத்திருக்கும்போது, இழுத்து அரை நிமிடம் காத்திருந்து பிறகு எய்துபாருங்கள். களைத்த கையிலும் புள்ளி வட்டத்தில் நின்றால் அந்த எடை உங்களுடையது. முதல் பத்து நொடிக்கு அற்புதமாக நின்று பிறகு தொய்கிறது என்றால் எடையைக் குறைத்தே ஆக வேண்டும். தவறான இடத்தில் அம்பு வாங்கிய விலங்கு வலியோடு எங்கோ போய் விழும். அதை நினைத்தால் ஓர் அவுன்ஸுக்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவது பெரிய விஷயமே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இழுப்பு நீளம் (நாணை முழுதாக இழுக்கும் தூரம்) உங்களுக்குப் பொருந்தாத வில்லை எந்த ஸ்டெபிலைசரும் காப்பாற்றாது. இழுப்பு நீளம் அரை அங்குலம் கூடியிருந்தாலே முன்தோள் விறைத்துப் புள்ளி அலையும். பிடியை முஷ்டியாக இறுக்கிப் பிடிப்பவருக்கும் அப்படித்தான். முதலில் அவற்றைச் சரிசெய்துவிட்டுக் கம்பிக்கு வாருங்கள். 70 பவுண்டு இழுவிசையுள்ள வில்லில் 80 சதவீதத் தளர்வு (முழுதாக இழுத்ததும் குறையும் விசை) இருந்தால் கையில் நிற்பது 14 பவுண்டுதான். அந்தக் குறைந்த இழுவிசையில் சின்னத் தவறும் பெரிதாகத் தெரியும்.

ரப்பர் கட்டைகளும் சத்தமும்

4 அங்குல ரப்பர் கட்டைகள் ஸ்டெபிலைசர் என்ற பெயரிலேயே விற்கின்றன. கையில் ஏறும் அதிர்வை அவை குறைக்கும், உண்மை. வில்லை நிலைநிறுத்த அந்த நீளமும் எடையும் போதவே போதாது. சத்தம் குறைவது நல்லதுதான்: ஒலி நொடிக்கு 1100 அடி, அம்பு 280 அடி போல. 30 கெஜத்தில் அம்பு சேருமுன்னே மான் சத்தத்தைக் கேட்டுக் குனிந்துவிடலாம். ஆனால் சத்தத்தைக் குறைக்கக் கனமான அம்பும், நாண் தடுப்பானும், லிம்பின் அதிர்வை அடக்கும் டாம்பரும்தான் அதிகம் உதவும். நீளக் கம்பியின் நுனியில் எடைக்கு முன்னால் சிறு ரப்பர் டாம்பர் இருந்தால் போதுமானது. அந்த ரப்பர் தொளதொளவென்று இருந்தால் எடை தனியாக ஆடும், அப்படிப்பட்டதை ஒதுக்குங்கள்.

கம்பி கார்பனாக, மெலிதாக, விறைப்பாக இருக்கட்டும். மெலிந்த கம்பியைக் காற்று குறைவாகத் தள்ளும். பளபளப்பு இல்லாத மேற்பூச்சாகவும் பாருங்கள்.

ரைசரின் மரை பெரும்பாலும் 5/16-24 (விட்டம் 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி). எடை வட்டுகளின் மரை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒன்றுக்கொன்று சேருமா என்று வாங்குமுன் திருகிப் பாருங்கள். தனித்தனி ஓர் அவுன்ஸ் வட்டுகளாகக் கழற்றி மாட்ட முடிகிற கம்பியைத்தான் நான் சிபாரிசு செய்வேன். எடை மாற்ற முடியாத கம்பியில் மேலே சொன்ன எதையும் செய்ய முடியாது. நண்பரிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, வாஷர்களை அடுக்கி எடையை மாற்றிச் சோதித்துவிட்டு வாங்குவது இன்னும் நல்லது. இரண்டு அமைப்புகளை ஒப்பிடும்போது ஒரே நாளில், 40 கெஜத்தில், மூன்று அம்பு இதில் மூன்று அம்பு அதில் என்று மாற்றி மாற்றி எய்யுங்கள். ஒரே ஒரு குழுமத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

எடை முடிவானதும் மரையில் ஒரு சொட்டு நீல நிறத் திரெட்லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) விடுங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றவே வராது. ரைசரில் மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையால் மட்டும் திருகுங்கள். அலுமினிய மரை கோணலாக ஏறினால் கெட்டுவிடும். கம்பியும் வட்டும் சேரும் இடத்தில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். பயணத்துக்குப் பிறகு கோடு விலகியிருந்தால் இறுக்கி, பலகையில் இரண்டு அம்பு விட்டுப் பார்த்த பிறகே பரண் ஏறுங்கள்.