கம்பஸ்ல ஆசிய கலாசார நாள் செய்யப் போறீங்களா? இதை வாசிச்சிட்டுத் தொடங்குங்கோ

கொடி கட்டி, கிமோனோ போட்ட ரெண்டு பேரை மேடையில நிக்க வச்சு, ஒரு டான்ஸ், ஒரு சூஷி தட்டு, நாலு செல்ஃபி, முடிஞ்சுது எண்டு போற ப்ரொக்ராம் கொழும்பில தாராளமா நடக்குது, இன்னொண்டு தேவையில்ல. வாற ஆள் கையால ஏதாவது செய்யோணும், இல்லாட்டி யாரோடயாவது பத்து நிமிஷம் இருந்து கதைக்கோணும். இந்த ரெண்டும் இல்லாத மேசையை ப்ளானில இருந்து வெட்டுங்கோ, இரக்கம் பாக்க வேண்டாம்.

திகதிதான் முதல் தலையிடி. போயா சரிவராது, ஸ்டடி லீவ் சரிவராது, வெள்ளி எண்டா ஜும்மா நேரத்தில மெயின் ஐட்டம் போடாதீங்கோ, நோன்பு மாசத்தில பகல் சாப்பாட்டு ஸ்டோல் வைக்கிறது மரியாதையில்ல. தீம் தேடுறீங்க எண்டா புதுவருஷம் நல்ல தீம். எங்கட சித்திரை வருஷம் வாற அதே நாட்களிலதான் தாய்லாந்தில சொங்க்ரான் (ஏப்ரல் 13 தொடக்கம் 15), கம்போடியா, லாவோஸ், மியன்மாரிலயும் புதுவருஷம், கேரளாவில விஷு, வங்காளத்தில பொய்லா பொய்ஷாக், எல்லாத்துக்கும் அடியில சூரியன் மேஷத்துக்குள்ள போற கணக்குத்தான். ஆனா அந்தக் கிழமை கம்பஸ்ல காகம்கூட இருக்காது, எல்லாரும் ஊருக்கு பஸ் ஏறியிருப்பினம், அதால கொஞ்சம் முன்னுக்கு மார்ச்சில வையுங்கோ. சீன, கொரிய, வியட்நாம் புதுவருஷம் வேற கணக்கு, ஜனவரி கடைசியில இல்லாட்டி பெப்ரவரியில வரும், அதையும் இதையும் ஒரே போஸ்டர்ல குழப்பாதீங்கோ.

அடுத்தது லெட்டர் வேலை. உங்கட மாணவர் சங்கத்தின்ட சீனியர் ட்ரெஷரரா இருக்கிற லெக்சரரை முதல் நாளே போய்ச் சந்திச்சு விஷயத்தைச் சொல்லுங்கோ, சைன் வைக்க மட்டும் போய் நிண்டா அவருக்கும் எரிச்சல் உங்களுக்கும் அலைச்சல். எம்பஸிகளுக்கு எழுதுறதை டீன் ஊடாக, லெட்டர்ஹெட்ல, ரெண்டு மாசம் முன்னுக்கே அனுப்புங்கோ. "உங்கட மேலான ஆதரவை எதிர்பார்க்கிறோம்" எண்டு எழுதினா பதில் வராது. "ப்ரஷ் எழுத்து காட்டித்தர ஒரு ஆள், ரெண்டு மணித்தியாலம், முப்பது மாணவர், மேசை கதிரை நாங்க தருவம்" எண்டு எழுதினா வாசிக்கிறவருக்கு ஆரை அனுப்பிறது எண்டு உடனே விளங்கும். காசு கேக்காதீங்கோ, ஆளைக் கேளுங்கோ. எம்பஸியை விடவும் கிட்ட ஆக்கள் இருக்கினம்: கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குள்ளயே சீன மொழி படிப்பிக்கிற கன்பூசியஸ் நிறுவனம் இருக்கு, களனியிலயும் இருக்கு, 1998இல தொடங்கின, இந்திய அரசாங்கத்தின்ட சுவாமி விவேகானந்தா கலாசார நிலையத்தில ஹிந்தி, யோகா, டான்ஸ் படிப்பிக்கிற டீச்சர்மார் இருக்கினம், கட்புல ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் கொழும்பு 7இலயே இருக்கு.

ஆசியா எண்டதும் டோக்கியோ, சோல் எண்டு பறக்காதீங்கோ, கொழும்பு 2இல இருக்கிற கொம்பனித்தெருவுக்குப் போங்கோ. தலைமுறை தலைமுறையா இருக்கிற மலே குடும்பங்கள் அங்க இருக்கு, ஒரு அன்ட்டியைக் கூப்பிட்டு மலே அச்சாறு போட்டுக் காட்டச் சொன்னா, ஹோட்டல் ஷோட் ஈட்ஸ் பெட்டியை ஆரும் திரும்பிப் பாக்க மாட்டினம். என்ட ஃபேவரிட் மேசை சாரம் கட்டிப் பாக்கிற மேசை. பெரிய செலவில்ல, நாலஞ்சு சாரமும் ஒரு நிலைக்கண்ணாடியும் போதும். நாங்க ஒரு பக்கம் இழுத்து மடிச்சுச் செருகுறம், மலேக்காரர் மடிச்சு இடுப்பில உருட்டி விடுவினம், பர்மாவில லோஞ்சி எண்டு ஆம்பிளையள் முன்னுக்கு முடிச்சுப் போடுவினம், பொம்பிளையள் பக்கத்தில செருகுவினம். ஜீன்ஸுக்கு மேலயே கட்டிப் பாக்கச் சொல்லுங்கோ, அவிழுற சிரிப்பிலயே நாலு பேர் வந்து நிப்பினம், பிறகு கேள்வி தானா வரும்.

பின்னேரத்துக்கு இன்னொரு மேடை நிகழ்ச்சி போடாம, எல்லாரையும் கூட்டிக்கொண்டு தேசிய நூதனசாலைக்கு நடவுங்கோ, கொழும்பு கம்பஸ்ல இருந்து நடை தூரம்தான். அங்க இருக்கிற காலி மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப் போங்கோ. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு திகதி போட்டது, 1911இல காலியில கண்டெடுத்தினம். சீனம், தமிழ், பாரசீகம் மூண்டும் ஒரே கல்லில. சீனப் பகுதியில புத்தருக்குக் காணிக்கை, தமிழ்ப் பகுதியில தெனாவரை நாயனாருக்கு, அதாவது இப்ப தெவிநுவர எண்டு சொல்லுற தெற்குக்கரைக் கோயில் தெய்வத்துக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாமிய வணக்கம். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எண்டு காணிக்கை லிஸ்ட் போகுது. எழுத்து தேஞ்சிருக்கு, கண்ணால வாசிக்க ஏலாது, அதால வாசகத்தை முன்கூட்டியே ப்ரிண்ட் எடுங்கோ, ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொருத்தர் வாசிக்கட்டும். சீனம் படிக்கிற சிங்களப் பிள்ளை ஒண்டு, தமிழ்ப் பிள்ளை ஒண்டு, மௌலவி ஒருத்தர், இந்தக் கூட்டணி கிடைச்சா வேற கெஸ்ட் ஸ்பீக்கரே வேண்டாம். டிக்கெட், மூடுற நேரம் ரெண்டையும் முதல்லயே விசாரிச்சு வையுங்கோ.

பெனர் அடிக்க முந்தி தமிழ் வரியை நீங்களே ப்ரூஃப் பாருங்கோ. மூண்டு மொழியில அடிச்சு தமிழில மட்டும் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் நிக்கிற பெனரை கலாசாரப் புரிந்துணர்வு எண்டு தூக்கிப் பிடிக்கிற கூத்தை நான் கன தரம் பாத்திட்டன். கொம்பியர் பண்ணுறதுக்கும் ரெண்டு மொழியில வாய் வழங்குற ஆளாப் பிடியுங்கோ. சாப்பாட்டில மாடு, பன்றி, முட்டை இருந்தா தட்டுக்கு முன்னால எழுதி ஒட்டுங்கோ.

வெளிய போற வாசல் பக்கம் ஸ்கொலர்ஷிப் மேசை ஒண்டு கட்டாயம். ஜப்பானின்ட மெக்ஸ்ட், இந்தியாவின்ட ஐசிசிஆர், கொரியாவின்ட ஜிகேஎஸ், சீன அரசாங்க ஸ்கொலர்ஷிப், இந்த நாலுக்கும் விளம்பரம் வேற வேற காலத்தில வரும், ஆரிட்ட அப்ளை பண்ணுறது எண்டதும் வேற வேற, அதை ஒரே தாளில போட்டுக் குடுங்கோ. ஜப்பான் மொழிச் சோதனை என்5இல தொடங்கி என்1 வரைக்கும் போகும், கொரியனுக்கு டொபிக், சீனத்துக்கு எச்எஸ்கே எண்டும் எழுதுங்கோ. மேசையில ஏற்கனவே போய்ட்டு வந்த சீனியர் அக்கா அண்ணா ஆரையாவது இருத்துங்கோ, ஃபோர்ம் நிரப்புறதில இருந்து அங்கத்தைய குளிர் வரைக்கும் அவைதான் சொல்லுவினம், கூட்டம் கடைசி வரைக்கும் அங்கதான் நிக்கும்.