சிடி, எக்கோ, எக்ஸ்ரே: கேத் லேபில் மூன்றையும் ஒன்றாகப் பொருத்துவது எப்படி?

கேத் லேப், அதாவது ரத்தக்குழாய் வழியாக இதய சிகிச்சை செய்யும் அறை. அதன் எக்ஸ்ரே திரையில் கதீட்டரும் (உள்ளே செலுத்தும் மெல்லிய குழாய்) வயரும் பளிச்சென்று தெரியும், அவை உரசிக்கொண்டு போகும் இதயச் சுவரும் வால்வும் தெரியாது. கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து) செலுத்தினால் சில நொடிகள் உருவம் தெரியும், ஆனால் அதையே திரும்பத் திரும்பச் செய்தால் சிறுநீரகத்துக்குத்தான் கேடு. அதனால்தான் முன்பே எடுத்த சிடி-யையும், உணவுக்குழாய் வழியாக எடுக்கும் டிஇஇ எக்கோவையும் (ஒலியலைப் படம்) ஃப்ளூரோ, அதாவது நேரடி எக்ஸ்ரே படத்தின் மேல் ஏற்றிப் பார்க்கிறோம்.

முதலில் சிடி. இசிஜி-யோடு இணைத்து எடுத்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துடிப்பில் கலங்கிய படம் எதற்கும் உதவாது. பெருந்தமனி வால்வை மாற்றும் டாவி சிகிச்சை என்றால், வால்வின் மூன்று இதழ்களின் அடிப்புள்ளிகளையும் கரோனரி தமனிகளின் (இதயத் தசைக்கு ரத்தம் தருபவை) வாய்களையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். மூன்று அடிப்புள்ளிகளும் ஒரே கோட்டில் விழும் சி-ஆர்ம் (எக்ஸ்ரே கருவியைத் தாங்கும் வளைந்த கை) கோணத்தை மென்பொருளே சொல்லிவிடும், அந்தக் கோணத்தைத் தேடிக் கான்ட்ராஸ்ட் அடிப்பது பெருமளவு குறையும்.

அப்புறம் பொருத்தும் வேலை. ஒரே கோணத்தில் பொருத்தினால் படம் அழகாகத்தான் உட்காரும், ஆழம் மட்டும் தப்பாக இருக்கும். ஆகவே நன்றாக விலகிய இரண்டு கோணங்களில் பாருங்கள். பலர் முதுகெலும்பைப் பொருத்தியதும் சரி என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இதயம் மூச்சோடு மேலும் கீழும் போகும், முதுகெலும்பு அசையாது. சிடி எடுத்தபோது மூச்சை அடக்கிப் படுத்தவர் இப்போது வென்டிலேட்டரில் இருக்கலாம். பெருந்தமனியில் படிந்த கால்சியம், அல்லது இதழின் அடியில் வைத்த பிக்டெயில் (முனை சுருண்ட கதீட்டர்) நுனி, இப்படி இதயத்தோடு சேர்ந்து அசையும் ஏதாவது ஒன்றை வைத்துச் சரிபாருங்கள். தடித்த வயர் உள்ளே போனதும் பெருந்தமனியே கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அப்போது இன்னொரு முறை பார்க்க வேண்டும். நோயாளி அசைந்தாலும் அப்படித்தான்.

டிஇஇ இணைப்பின் கதை வேறு, அது நேரடிப் படம். ஃப்ளூரோவில் தெரியும் எக்கோ ப்ரோபின் (உணவுக்குழாயில் இருக்கும் எக்கோ கருவி) வடிவத்தை வைத்துத்தான் மென்பொருள் இரண்டையும் பொருத்துகிறது, ஆக ப்ரோபை நகர்த்தினால் மறுபடியும் பொருத்த வேண்டியிருக்கும். இதன் அருமை, இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள தடுப்புச்சுவரைத் துளைக்கும்போது தெரியும். ஊசி முட்டியதும் அந்தச் சுவர் கூடாரம்போல உந்தி நிற்கும். பைகேவல் பார்வையில் (இரண்டு பெருஞ்சிரைகளையும் சேர்த்துக் காட்டும் எக்கோ காட்சி) மேல்-கீழ், குறுக்கு அச்சுப் பார்வையில் முன்-பின், இரண்டையும் பார்த்த பிறகே அழுத்த வேண்டும். அதிகம் முன்னே போனால் பெருந்தமனி, பின்னே போனால் மேலறையின் பின்சுவர். எது குத்துப்பட்டாலும் இதயத்தைச் சுற்றி ரத்தம் சேரும் அபாயம் உண்டு. எக்கோவில் துளைக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் அது ஃப்ளூரோவிலும் தெரியும், எக்கோ பார்ப்பவரும் கதீட்டர் பிடித்தவரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறார்கள் என்பது உறுதியாகும்.

என்னைக் கேட்டால் முழு முப்பரிமாண உருவத்தையும் திரையில் வைக்கவே கூடாது. கோட்டுருவமும் இரண்டு மூன்று புள்ளிகளும் போதும், மற்றதெல்லாம் வயரின் நுனியை மறைக்கும். மேலேற்றிய சிடி ஒன்று சொல்லி நேரடி எக்கோ வேறொன்று சொன்னால், தயங்காமல் சிடி-யை அணைத்துவிட்டு எக்கோவை நம்புங்கள்.