ஆங்கிலத்தில் 'ஆல்': அடுத்த சொல்லைப் பாருங்கள்

'ஆல்' என்றால் எல்லாம், எல்லாரும், முழுக்க. இது யாருக்கும் தெரியும். ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தால் 'ஆல் ஸ்டூடன்ட் இஸ்' என்று எழுதுவதா, 'ஆல் வீ' என்று எழுதுவதா என்று கை நின்றுவிடும். பொருளை மறுபடி மறுபடி மனப்பாடம் செய்வதைவிட, அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்க்கப் பழகுங்கள், பெரும்பாலான குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

படி 1: பெயர்ச்சொல் வந்தால்

எண்ணக்கூடியது என்றால் பன்மை. 'ஆல் சில்ரன் நீட் ஸ்லீப்' என்றால் உலகத்துக் குழந்தைகள் எல்லாருக்கும் தூக்கம் தேவை. நடுவில் 'தி' சேர்த்து 'ஆல் தி சில்ரன் ஆர் ஸ்லீப்பிங்' என்றால் நம் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் மட்டும். பால், தண்ணீர், பணம் மாதிரி எண்ண முடியாதது என்றால் ஒருமை: 'ஆல் தி மில்க் இஸ் கான்'. 'எவ்ரி' வந்தால் எப்போதும் ஒருமைதான், 'எவ்ரி சைல்ட் இஸ்'.

படி 2: நாம், அவர்கள் வந்தால்

'ஆல் வீ' கிடையாது. 'ஆல் ஆஃப் அஸ்', 'ஆல் ஆஃப் தெம்' என்று 'ஆஃப்' கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் 'ஆல்' பின்னால் போகும்: 'வீ ஆல் வென்ட்'. 'ஆர்', 'ஹேவ்' போன்றவை இருந்தால் அவற்றுக்கும் பின்னால்: 'வீ ஆர் ஆல் ரெடி'. 'ஆல் மை ஃப்ரெண்ட்ஸ்', 'ஆல் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' இரண்டும் சரி.

படி 3: 'நாட்' சேர்ந்தால்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் தமிழிலும் இதே சிக்கல் இருக்கிறது. 'எல்லாரும் வரவில்லை' என்றால் ஒருத்தர்கூட வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? நேரில் பேசும்போது குரலும் இடமும் காட்டிக்கொடுத்துவிடும், எழுத்தில் அப்படி இல்லை. 'ஆல் தி கெஸ்ட்ஸ் டிட் நாட் கம்' என்று எழுதினால் படிப்பவரும் அப்படித்தான் திணறுவார். அதனால் இதைத் தவிர்த்துவிடுங்கள். சிலர் வரவில்லை என்றால் 'நாட் ஆல் தி கெஸ்ட்ஸ் கேம்'. ஒருவருமே வரவில்லை என்றால் 'நன் ஆஃப் தி கெஸ்ட்ஸ் கேம்'. 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆல் தட் கிளிட்டர்ஸ் இஸ் நாட் கோல்ட்' என்று அதே அமைப்பிலேயே சொல்கிறார்களே என்று கேட்கலாம். பழமொழியாக நிலைத்துவிட்டதால் அது நிற்கிறது, நீங்கள் எழுதும் கடிதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

படி 4: நேரம் வந்தால்

'ஆல் டே' என்றால் நாள் முழுக்க, 'எவ்ரி டே' என்றால் தினமும். 'இட் ரெய்ன்ட் ஆல் டே' என்பது காலையில் பிடித்த மழை விடவே இல்லை என்பது. ஒரே ஒரு புத்தகத்தை முழுக்கப் படித்தேன் என்பதற்கு 'ஆல் புக்' வராது, 'தி ஹோல் புக்' என்று எழுதுங்கள்.

படி 5: சேர்ந்தே வருபவை

'நாட் அட் ஆல்' என்றால் கொஞ்சம்கூட இல்லை, நன்றி சொன்னவருக்குப் பதிலாகவும் சொல்லலாம். 'ஆல் பட்' கவனம்: 'ஆல் பட் ஒன்' என்றால் ஒன்றைத் தவிர எல்லாம், 'ஆல் பட் ஃபினிஷ்ட்' என்றால் அநேகமாக முடிந்துவிட்டது. அப்புறம் ஷட்டில் ஆட்டம் தொடங்கும்போது நடுவர் 'லவ் ஆல், ப்ளே' என்கிறாரே, அங்கே 'ஆல்' என்றால் இரண்டு பக்கமும் அதே புள்ளி, 'லவ்' என்றால் பூஜ்யம்.

இப்போது இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: 'ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை, நாங்கள் யாருமே தூங்கவில்லை, பால் எல்லாம் கெட்டுப்போச்சு.' விடை: 'தேர் வாஸ் நோ பவர் ஆல் நைட், நன் ஆஃப் அஸ் ஸ்லெப்ட், அண்ட் ஆல் தி மில்க் வென்ட் பேட்.'