கரையில் இறங்கினால் உள்ளூர்க்காரரிடமே பேசுங்கள்

சொகுசுக் கப்பலில் போகிறீர்களா? கரைச்சுற்றுலாவைக் கப்பலில் பதிவு செய்யாமல், உள்ளூர் வழிகாட்டியிடமே நேரடியாகப் பேசி வையுங்கள். கப்பலில் கட்டும் தொகையில் நல்ல பங்கு நிறுவனத்துக்கே போய்விடும். நேரடியாகக் கொடுத்தால் உங்களுக்கும் செலவு குறையும், உழைப்பவர் கைக்கும் முழுசாகப் போய்ச் சேரும். மெக்சிகோவின் கொசுமெல் தீவில் பலன்கார் பவளப்பாறையைப் பார்க்க நாலைந்து பேர் சின்னப் படகில் போனாலே போதும். பெருங்கூட்டமாக இறங்கினால் பவளம் மிதிபடும், அது வளர ஆண்டுக்கணக்காகும்.

ஆனால் அங்கிருந்து மாயர்களின் பழைய நகரமான சிச்சென் இட்சா போவதென்றால் கப்பல் ஏற்பாடுதான் சரி. கடலைத் தாண்டி, அப்புறம் சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகவேண்டும். நாமாகப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கப்பல் கடிகாரமும் கரை நேரமும் சில இடங்களில் ஒரு மணி நேரம் வித்தியாசப்படும், இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.